குளத்தில் எவ்வளவு இருக்கிறது?

சாந்தோம், சென்னை
21 ஏப்ரல் 1942

அன்புள்ள வில்லியம் அவர்களுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். "அன்புள்ள" என்று எழுதியது வழக்கத்துக்காக. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பட்டாளத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நீங்கள் ரயிலேறி இரண்டு மாதம் ஆகிறது. வழியனுப்ப நான் சென்ட்ரலுக்கு வரவில்லை. அதற்காக இன்றுவரை வருத்தப்படவும் இல்லை. இப்போது எழுதுவது பெண்டாட்டி புருஷனுக்கு எழுதும் கடிதம் அல்ல. வண்டி வைத்திருக்கிறவள் மெக்கானிக்குக்கு எழுதுவது. அப்படியே படிக்கவும்.

அப்பா எனக்கு விட்டுப்போன, நான் பிரசவம் பார்க்கப் போகும் முப்பத்திநாலாம் வருஷத்துக் காருக்கு இப்போது ஒரு வியாதி. பெட்ரோல் மீட்டரின் முள் "எஃப்" எழுத்தை விட்டு அசைய மாட்டேன் என்கிறது. ரேஷன் கூப்பனுக்குக் கிடைக்கிற கொஞ்சப் பெட்ரோலை ஊற்றினாலும் ஃபுல். பத்து நாள் ஓட்டினாலும் ஃபுல். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பூசை முடிந்து வெளியே வந்த பெண்கள், "லூயிசா வண்டியில அஞ்சு அப்பத்துல ஐயாயிரம் பேர் சாப்பிட்ட புதுமை நடக்குது, குறையவே மாட்டேங்குது" என்று கேலி பண்ணினார்கள். நானும் மைல் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை என் கணக்கு தப்பிவிட்டது.

உங்கள் சிநேகிதர் மெஹபூப் அலி மயிலாப்பூர் மெக்கானிக் ஷெட்டைப் பூட்டிவிட்டு லாரி ஓட்ட பெங்களூர் போய்விட்டார். அவர் மனைவி சகினாவுக்கு அன்று வலி கண்டது. மாமியார் ஜைதூன் பீ முன்சீட்டில், சகினா பின்சீட்டில், நான் ஸ்டியரிங்கில். காலை பதினொரு மணி. லஸ் முனைக்கு வந்ததும் வண்டி இரண்டு இருமல் இருமி நின்றது. முள் மட்டும் ஃபுல்லில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. ஜப்பான்காரன் வருகிறான் என்று பாதி ஊர் காலி. கூப்பிட ஒரு ரிக்‌ஷா இல்லை.

பிறகு என்ன, பின்சீட்டிலேயே பிரசவம். பூக்காரப் பெண்கள் நாலு பேர் சேலையை விரித்து மறைப்புக் கட்டினார்கள். ஆண் பிள்ளை. அவன் அழுத அழுகையில் டிராம்காரன் மணியடிக்க மறந்துபோனான். தாயும் பிள்ளையும் சௌக்கியம். ஜைதூன் பீ கண்ணைத் துடைத்துக்கொண்டே மீட்டரைப் பார்த்தாள். "இன்னாமா நர்ஸம்மா, முள்ளு ஃபுல்லுன்னு கீது, வண்டி இப்டி நொண்டிக்கினு நிக்குது?" என்றாள். 

சனிக்கிழமை நடந்தது திங்கட்கிழமை எங்கள் டிஸ்பென்சரி முழுக்கத் தெரிந்துவிட்டது. டாக்டர் சூடாமணி அம்மாள் கூப்பிட்டுச் சொன்னார்: "லூயிசா, வண்டி ஓடிண்டிருந்தாத்தான் கூப்பன். நடுத்தெருவுல நின்னுண்டிருந்தா நான் மேலிடத்துக்கு என்ன பதில் சொல்றது? மே பதினஞ்சாம் தேதி நானே உக்காந்து பாப்பேன். அதுக்குள்ள சரி பண்ணிடு. இல்லேன்னா நீ வார்டுக்குள்ளயே இரு."

நான் வார்டுக்குள் இருந்தால் குப்பத்துப் பெண்கள் வலியோடு மணலில் நடந்து வர வேண்டும். அதற்கு நான் விடமாட்டேன். ஊரில் இருந்த மெக்கானிக்குகள் எல்லாம் ஓடிவிட்டார்கள். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் இல்லாமல் எனக்கு நடக்காது என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

லூயிசா

*

பட்டாளத் தபால்
(ஊர் பெயர் எழுத அனுமதி இல்லை)
28 ஏப்ரல் 1942

அன்புள்ள லூயிசாவுக்கு,

இரண்டு மாதம் கழித்து எழுதினாய், அதுவும் மீட்டருக்காக. அந்த மீட்டருக்கு என் சல்யூட்.

சகினா விஷயம் படித்தேன். ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கோ பிள்ளைக்கோ ஏதாவது ஆகியிருந்தால் நான் [ வெட்டு ]

முதலில் மீட்டர் நல்லதா கெட்டதா என்று பார். பழைய வண்டி, எதையும் நம்பக் கூடாது. மீட்டருக்குப் பின்னால் இரண்டு திருகு இருக்கும். ஒன்றில் பாட்டரியிலிருந்து கம்பி வருகிறது. அதைத் தொடாதே, பொறி பறக்கும். மற்றதிலிருந்து ஒரு கம்பி வண்டியின் பின்பக்கம் போகிறது. சாவியைப் போட்டுக்கொண்டு, இந்த இரண்டாவது திருகிலிருந்து ஒரு துண்டுக் கம்பியால் வண்டியின் இரும்பைத் தொடு. முள் கீழே விழுந்தால் மீட்டர் நல்லது. விழாவிட்டால் மீட்டர் போய்விட்டது.

மீட்டர் நல்லது என்றால் வியாதி பின்னால். பின்சீட்டைத் தூக்கிப் பலகையை [ வெட்டு ] டாங் [ வெட்டு ] நான்தான் [ வெட்டு ] அன்று காலையில் [ வெட்டு ] கம்பியைக் கழற்றி [ வெட்டு ] டேப் [ வெட்டு ] பொறுத்துக்கொள்.

திருச்சியில் மர்சலின் அக்கா வீட்டில் உனக்கு ஓர் அறை காலியாகவே இருக்கிறது. இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். கடலோரத்தில் குண்டு விழுந்தால் உன் கோபம் அதைத் தடுக்காது.

உன்
வில்லியம்

*

சாந்தோம்
5 மே 1942

அன்புள்ள வில்லியம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கடிதம் என்று சொல்வதா, கொசுவலை என்று சொல்வதா தெரியவில்லை. உங்கள் சென்ஸார் துரை பிளேடு போட்டு ஏழு இடத்தில் வெட்டி எடுத்திருக்கிறார். முக்கால்வாசி புரிந்தது, கால்வாசி ஓட்டை.

ஏன் வெட்டினார் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஓர் ஓட்டையின் ஓரத்தில் "டாங்" என்று பாதிச் சொல் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு சிரித்துவிட்டேன். நீங்கள் பெட்ரோல் டாங்கி என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சண்டை போடும் டாங்கி என்று நினைத்திருக்கிறார்! "பின்பக்க டாங்கியின் கம்பியைக் கழற்றி" என்று ஒரு சிப்பாய் எழுதினால் பாவம், அவர்தான் என்ன செய்வார்?

சென்ஸார் ஐயா, இதையும் நீங்கள் படிப்பீர்கள் என்றால் கேளுங்கள். இது பிரசவத்துக்குப் போகும் வண்டி. எங்கள் வீட்டு டாங்கியில் பீரங்கி இல்லை.

ஆகவே வில்லியம் அவர்களே, இனி அந்தச் சொல்லே வேண்டாம். மயிலாப்பூர்க் குளத்தை இங்கிலீஷ்காரர்கள் "டாங்க்" என்கிறார்கள். நாம் டாங்கியைக் குளம் என்போம். குளம் என்று எழுதினால் எந்தத் துரையும் வெட்ட மாட்டார்.

நீங்கள் சொன்ன முதல் சோதனையைச் செய்துவிட்டேன். ஸ்பானருக்கு ஜைதூன் பீயிடம் போனேன். மகன் பூட்டிவிட்டுப் போன ஷெட்டை அவளே திறந்துவிட்டாள். "ஆம்பளைங்க பூட்டானுங்கன்னா ஸ்பானரும் கூடவே பூடுச்சா? அல்லாம் இங்கதான் கீது. எட்த்துக்கினு போமா. என் பேரன் பொறந்த வண்டி அது" என்றாள்.

சாவியைப் போட்டு, இரண்டாவது திருகிலிருந்து துண்டுக் கம்பியால் இரும்பைத் தொட்டேன். முள் மளமளவென்று கீழே இறங்கி, காலி என்று காட்டும் "இ"யில் படுத்தது. கம்பியை எடுத்தேன், மறுபடி மேலே போனது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. மீட்டர் நல்லது! அப்படியென்றால் வியாதி பின்னால், குளத்தங்கரையில். அங்கே என்ன செய்வது என்பதைத்தான் சென்ஸார் தின்றுவிட்டார். சீக்கிரம் எழுதுங்கள். பத்து நாள்தான் இருக்கிறது.

ஓர் ஓட்டைக்குப் பக்கத்தில் "நான்தான்" என்று நிற்கிறது. "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று எழுதியிருப்பீர்கள். கேட்டுக் கேட்டுப் புளித்த பாட்டு. அதை வெட்டியதற்குச் சென்ஸாருக்கு என் வந்தனம்.

திருச்சிக்கு நான் போகப்போவதில்லை. அந்த அறையில் மர்சலின் அக்கா வெங்காயம் கொட்டிவைக்கட்டும்.

லூயிசா

*

சாந்தோம்
9 மே 1942

மகாராஜராஜஸ்ரீ வில்லியம் அவர்களுக்கு,

இந்த முறை "அன்புள்ள" இல்லை. கவனிக்கவும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. இன்று காலை நானே பின்சீட்டைத் தூக்கினேன். பலகையில் நாலு திருகு. மூன்று கழன்றன, நாலாவது துருப்பிடித்து அடம்பிடித்தது. ஜைதூன் பீ மண்ணெண்ணெய் விட்டு, தானும் ஒரு பக்கம் பிடித்துத் திருகித் தந்தாள். உள்ளே குளம் தெரிந்தது. அதன் தலையில் ஒரு சின்னத் திருகு, கம்பி மாட்ட வேண்டிய இடம். கம்பி அதில் இல்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்தது.

அறுந்த கம்பி என்றால் நுனி பிய்ந்திருக்கும். எலி கடித்ததென்றால் பல் தெரியும். இது அறுந்ததும் இல்லை, கடித்ததும் இல்லை. ஸ்பானர் போட்டு ஒழுங்காகக் கழற்றி, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, ஓரமாக வைத்த கம்பி. டேப்பின் முனை ஒரு விரற்கடை உள்ளே மடிக்கப்பட்டிருந்தது.

அந்த மடிப்பை எனக்குத் தெரியாதா? அப்படி மடிக்கிறவர் இந்தச் சென்னையில் ஒரே ஒருவர். கலியாணமான புதிதில் கேட்டேன், எதற்கு இந்த மடிப்பு என்று. "அடுத்து வர்றவன் உரிக்கும்போது அவன் நகம் நோகக் கூடாதுல்ல" என்றீர்கள். எவ்வளவு நல்ல மனுஷன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்றைக்கு உரித்தது நான். நகம் நோகவில்லை. ரொம்ப உபகாரம்.

ரயிலேறிய அன்று என் வண்டியின் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். கேட்டால் மீட்டரைச் சோதி, திருகைத் தொடு என்று பாடம் நடத்துகிறீர்கள்! "ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்" என்று வேறு. உட்காராமல் என்ன செய்வீர்கள்? நடுரோட்டில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அலறினாள், வில்லியம். பிள்ளையின் தலை தெரிகிறது, என் பெட்டியில் கொதிக்கவைத்த தண்ணீர் ஒரு குப்பிதான். அந்தக் கால் மணி நேரம் நான் மாதாவிடம் என்னென்ன நேர்ந்துகொண்டேன் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

பக்கத்தில் நின்ற ஜைதூன் பீ, "இன்னாமா, மூஞ்சி செவந்து போச்சு?" என்றாள். யார் வேலை என்று சொன்னேன். ஸ்பானரைக் கீழே வைத்தாள். பிறகு, "உன் வூட்டுக்காரன் வரட்டும், நான் கேக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

கம்பியை மாட்டிவிட்டேன். நீங்கள் இனி எதுவும் எழுதித் தர வேண்டியதில்லை.

லூயிசா

*

பட்டாளத் தபால்
11 மே 1942

என் லூயிசாவுக்கு,

உன் ஐந்தாம் தேதிக் கடிதம் இன்று கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். முள் விழுந்ததும் கைதட்ட வேண்டும்போல் இருந்தது என்று எழுதினாயே, அதைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். என்னோடு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பாட்டரித் திருகு எது என்று இன்னும் தெரியாது.

ஆனால் மூன்று தடவை படித்தும் ஒன்று புரியவில்லை. நான் எழுதியதற்கு ஒரு திட்டும் இல்லையே! என் குற்றத்தை நான் ஒப்புக்கொண்டு எழுதினேன். நீயோ சிரித்துக் கேலி பண்ணியிருக்கிறாய். மன்னித்துவிட்டாயா, இல்லை திட்டக்கூட லாயக்கில்லை என்று விட்டுவிட்டாயா என்று மண்டை குடைந்தது. பிறகு "நான்தான்" என்ற சொல்லைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அப்போதுதான் விஷயம் விளங்கியது. நான் எழுதியது உனக்கு வந்து சேரவே இல்லை. சென்ஸார் தின்றுவிட்டார்.

ஆகவே மறுபடி எழுதுகிறேன், உன் பாஷையிலேயே. குளத்தின் தலையில் இருந்த கம்பியை நான்தான் கழற்றிவைத்தேன். பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்று காலையில், நீ பூசைக்குப் போயிருந்தபோது. இதைத்தான் போன கடிதத்திலும் எழுதினேன். இதற்கு மேல் மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

ஏன் செய்தேன் என்றால், பயம். கடலைப் பார்த்த வீடு. தலைக்கு மேலே விமானம். திருச்சிக்குப் போ என்று எத்தனை சொல்லியும் நீ கேட்கவில்லை. மீட்டர் வேலை செய்யாத வண்டியை எடுக்க யோசிப்பாய், வண்டி இல்லாவிட்டால் இங்கே என்ன வேலை என்று அக்கா வீட்டுக்குப் போய்விடுவாய் என்று கோட்டை கட்டினேன். பத்து வருஷம் உன்னோடு குடித்தனம் பண்ணியும் உன்னைத் தெரிந்துகொள்ளாத முட்டாள் நான்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பயந்ததற்காக நான் வெட்கப்பட மாட்டேன். என் பெண்டாட்டிக்காக நான் பயப்படுவேன். இன்னும் பயப்படுவேன். கம்பியைக் கழற்றியதற்கு மட்டும் உன் காலில் விழுகிறேன்.

கம்பியை மாட்டிவிட்டு, குளத்தின் அடியில் இரும்போடு இரும்பு ஒட்டுகிறதா என்றும் பார். அங்கே துரு இருந்தாலும் முள் பொய் சொல்லும். மணல்தாள் போட்டுத் தேய்த்தால் போதும்.

வில்லியம்

*

சாந்தோம்
18 மே 1942

அன்புள்ள வில்லியம் அவர்களுக்கு,

"அன்புள்ள" திரும்பி வந்துவிட்டது. ஆனால் முழுசாக வரவில்லை, பாதிதான். மீதியைப் பிறகு பார்க்கலாம்.

என் ஒன்பதாம் தேதிக் கடிதமும் உங்கள் பதினோராம் தேதிக் கடிதமும் வழியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு போயிருக்கும். உங்களுடையது நேற்று முன்தினம் கிடைத்தது. படித்ததும் முதலில் நான் நம்பவில்லை. ஓட்டைக்குள் என்ன எழுதியிருந்தது என்று யார் என்ன வேண்டுமானாலும் சொல்லலாமே! உங்கள் முதல் கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தேன். "நான்தான்", பிறகு ஓட்டை, பிறகு "அன்று காலையில்", பிறகு ஓட்டை, பிறகு "கம்பியைக் கழற்றி." என் கண்ணுக்கு முன்னாலேயே நின்றிருக்கிறது. "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று எழுதியிருந்தால் நடுவில் "அன்று காலையில்" எதற்கு வரப்போகிறது? நீங்கள் எப்போதும் அப்படித்தான் பேசுவீர்கள் என்று முடிவுகட்டி நானே ஓட்டையை அடைத்துக்கொண்டேன். அது என் தப்பு. கேட்பதற்கு முன்பே நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள். நம்புகிறேன்.

ஆனால் ஒப்புக்கொண்டது வேறு, செய்தது வேறு. செய்ததை நான் மறக்கவில்லை.

இனி பதினைந்தாம் தேதிக் கதையைக் கேளுங்கள். கம்பியை மாட்டியதும் முள் இறங்கத்தான் செய்தது, ஆனால் குளத்தில் இருப்பதைவிட அதிகமாகவே காட்டியது. எனக்கு முள்ளின்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டதல்லவா, ஒரு மூங்கில் குச்சியில் கத்தியால் கோடு போட்டு, குளத்துக்குள் விட்டுப் பார்த்திருந்தேன். குச்சி ஒன்று சொன்னது, முள் ஒன்று சொன்னது. கீழே படுத்துப் பார்த்தால், குளத்தைத் தாங்கும் இரும்புப் பட்டையில் துரு செதில் செதிலாக இருந்தது. அதைச் சுரண்டித் தேய்த்து மறுபடி முடுக்கினேன். உங்கள் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்பே. உங்கள் மணல்தாள் யோசனைக்கு நன்றி, வேலை முடிந்துவிட்டது.

டாக்டர் அம்மாள் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். மாட வீதி நாலையும் சுற்றி, லஸ் முனையில் அதே இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி கிளப்பினேன். பூக்காரப் பெண்கள் கையசைத்தார்கள். டிஸ்பென்சரி வாசலில் இறங்கி, அம்மாள் கையில் குச்சியைக் கொடுத்தேன். அவரே விட்டுப் பார்த்தார். "முள் சொல்றதும் குச்சி சொல்றதும் ஒத்துண்டிருக்கே! யார் சரி பண்ணினது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். அந்தச் சொல்லை இவ்வளவு சந்தோஷமாக நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை. கூப்பன் என் பெயருக்கே வந்துவிட்டது.

நேற்று சகினாவின் பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள். இனாயத். ஜைதூன் பீ அவனை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, "இன்னாடா நைனா, உன் வண்டிய பார்த்துக்கினியா?" என்றாள்.

உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதினீர்கள். பயப்படுங்கள், அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீங்கள் இருக்கும் இடத்தை நினைத்து எனக்கும்தான் பயம். ரேடியோவில் செய்தி வந்தால் அடுப்பில் இருப்பதை மறந்துவிடுகிறேன். அதற்காக நான் உங்கள் பட்டாள லாரியில் ஏறி ஒரு கம்பியையாவது கழற்றினேனா? பயந்தால் எனக்குச் சொல்லுங்கள். என் வண்டியைத் தொடாதீர்கள்.

நீங்கள் சுற்றிய டேப்பை இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். மடிப்பு அப்படியே இருக்கிறது. எடுத்துக்கொண்டு வாருங்கள். லீவு கிடைத்ததும் எந்த ரயில் என்று எழுதுங்கள். போன தடவை சென்ட்ரலுக்கு வரவில்லை, இந்தத் தடவை வருவேன். வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வருவேன். நீங்கள் பெட்டியைப் பின்சீட்டில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார வேண்டியது. பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்கக் கூடாது.

சென்ஸார் ஐயா, கடைசியாக உங்களுக்கும் ஒரு வார்த்தை. டாங்கி, டாங்கி, டாங்கி. வெட்ட வேண்டுமானால் இதை வெட்டிக்கொள்ளுங்கள். மேலே இருப்பதில் ஓர் எழுத்து குறைந்தாலும் நான் விடமாட்டேன். இந்தத் தடவை அவர் முழுசாகப் படிக்க வேண்டும்.

லூயிசா